சம்பந்திக்கு இங்கிலீஷில் என்ன?

ராஜபாளையம்
4 ஆகஸ்ட் 2024

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா சுடலையம்மாள் அவர்களுக்கு, கண்ணுச்சாமி வணக்கத்துடன் எழுதுவது. நான் இங்கு சுகம். உங்கள் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது?

இதை யாரை வைத்து எழுதினேன் என்று யோசிப்பீர்கள். யாரையும் வைத்து எழுதவில்லை. காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன். இப்போது வெயில் முற்றத்தைத் தாண்டிவிட்டது. நீங்கள் வாசிக்கிற இந்த வரி வரைக்கும் என் கைதான்.

என் வீட்டுக்காரி வெள்ளத்தாய் இருந்தவரை பஸ் போர்டு வாசிப்பது அவள் வேலை. அவள் போன பிறகு ஒருநாள் வத்திராயிருப்புக்கு ஏறுவதாக நினைத்து ஏறி, தேவதானத்தில் போய் இறங்கினேன். சிரிப்பாகவும் இருந்தது, அவமானமாகவும் இருந்தது. மறுநாளே பள்ளிக்கூடத்தில் நடக்கிற சாயங்கால வகுப்பில் சேர்ந்தேன். ஹெப்சிபா என்று ஒரு டீச்சர். என் மகன் வயதுகூட இருக்காது, ஆனால் அதட்டுவார். பரீட்சை எழுதித் தேறினேன். சர்டிபிகேட் வாங்கும்போது மை டப்பாவைத் தள்ளிவைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

இப்போது இங்கிலீஷ் எழுத்தும் தெரியும். விஷயம் அதுதான். ஆடி பிறந்ததிலிருந்து உங்கள் மாப்பிள்ளை ஹரிகிருஷ்ணன் சனிக்கிழமைகளில் மட்டும் அயர்லாந்திலிருந்து போனில் முகம் காட்டுகிறான். நாச்சியாரும் பேசுகிறாள். அம்புட்டும் இங்கிலீஷ். நான் தலையை ஆட்டிக்கொண்டிருக்கிறேன். பிள்ளைக்கு எட்டு வயதாகிவிட்டது, தாத்தாவும் பேத்தியும் இதுவரை ஒரு பேச்சுப் பேசியதில்லை. நான் அவளோடு பேச வேண்டும். இந்த வயதில் எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

நீங்கள் பெண்கள் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சராக இருந்தவர்கள். அவளுக்கு நான் எழுதிய கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். தப்பைத் திருத்தி அனுப்பினால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
கண்ணுச்சாமி


ஸ்ரீவில்லிபுத்தூர்
16 ஆகஸ்ட் 2024

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கு, சுடலையம்மாள் வணக்கம். முழங்கால் பரவாயில்லை, மாடிப்படி மட்டும் ஏறுவதில்லை. உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடிதத்தைப் பார்த்து முதலில் நம்பவில்லை. உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எழுத்து வரிசையாக நிற்கிறது. என்னிடம் படித்த பிள்ளைகளில் பாதிப்பேருக்கு இப்படி நிற்காது.

நீங்கள் கடிதமாக எழுதியது எனக்கும் வசதி. போனில் இப்போது சரியாகக் காது கேட்பதில்லை.

இரண்டு இடம் திருத்தியிருக்கிறேன். டி.வி. பார்ப்பதற்கு 'ஸீ' என்று போட்டிருக்கிறீர்கள். 'வாட்ச்' என்று வர வேண்டும். கண்ணில் தானாகப் படுவது ஸீ. உட்கார்ந்து கவனித்துப் பார்ப்பது வாட்ச். மலையைப் பார்த்தேன் என்றால் ஸீ. கிரிக்கெட் பார்த்தேன் என்றால் வாட்ச். அதேபோல் 'ஹியர்' என்றால் காதில் விழுவது, 'லிசன்' என்றால் காது கொடுத்துக் கேட்பது. நாச்சியாரிடம் பாட்டு 'ஹியர்' பண்ணுகிறேன் என்று சொன்னால், பக்கத்து வீட்டு ரேடியோ கேட்கிறது என்று நினைத்துக்கொள்வாள்.

மற்றதெல்லாம் சரி. உங்கள் மருமகள் சத்யாவுக்கு ஆஸ்பத்திரியில் வேலை அதிகமாம்.

இப்படிக்கு,
சுடலையம்மாள்


ராஜபாளையம்
8 செப்டம்பர் 2024

சம்பந்தியம்மா அவர்களுக்கு வணக்கம். நான் நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

சிவப்பு மையில் திருத்தி வந்த தாளைத் தெருவில் எல்லோருக்கும் காட்டிவிட்டேன். டீக்கடை மாரிக்கனி, "பெரியவரே, தப்புப் போட்டதுக்கா இம்புட்டு சந்தோசம்" என்று கேட்டான். என் தப்பை ஒருவர் இத்தனை பொறுமையாகப் பார்த்தது இதுவே முதல் தடவை என்று அவனுக்கு எப்படிச் சொல்வது?

ஸீயும் வாட்ச்சும் நன்றாகப் புரிந்தது. மில்லில் பஞ்சு அடிக்கிற புளோரூமில் நின்ற காலத்தில் மெஷின் சத்தம் ஹியர். அதில் பெல்ட் அறுகப்போகிற சத்தம் வருகிறதா என்று நின்றதுதான் லிசன். இது சரியா?

அடுத்த கடிதத்தில் நாச்சியாருக்கு ஒன்று எழுத ஆசை. அவள் சிரித்தால் மேல்வரிசைப் பல் வெள்ளத்தாய்க்குத் தெரிந்த மாதிரியே தெரிகிறது. 'நீ எனக்கு உன் அப்பத்தாவை ஞாபகப்படுத்துகிறாய்' என்பதற்கு 'ரிமெம்பர்' என்று போட்டிருக்கிறேன். பாருங்கள்.

கையெழுத்துக்கு மேலே, 'இந்தக் கடிதத்தை என் சம்பந்தி திருத்தினார்' என்றும் போட வேண்டும். உழைத்தவர் பெயர் வர வேண்டும் அல்லவா? சம்பந்திக்கு இங்கிலீஷில் என்ன? ஹெப்சிபா டீச்சருக்கும் தெரியவில்லை.

பொங்கலுக்குப் பிள்ளைகள் வருகிறார்களாமா? ஹரிகிருஷ்ணன் பிடிகொடுத்துப் பேச மாட்டேன் என்கிறான். சத்யா உங்களிடம் சொல்லியிருப்பாள்.

அன்புடன்,
கண்ணுச்சாமி


ஸ்ரீவில்லிபுத்தூர்
30 செப்டம்பர் 2024

சம்பந்தி அவர்களுக்கு வணக்கம். நலம். புரட்டாசி சனிக்கிழமை இங்கே பக்கத்தில் திருவண்ணாமலை என்கிற குன்றின்மேல் இருக்கிற பெருமாளைப் பார்க்கப் பக்கத்து வீட்டார் கூப்பிட்டார்கள். படி ஏற முடியாது என்று சொல்லிவிட்டேன்.

நாம் மனதில் வைத்திருப்பது 'ரிமெம்பர்'. வெளியே இருந்து ஒன்று வந்து நமக்கு நினைவூட்டுவது 'ரிமைண்ட்'. ஆகவே நாச்சியார் 'ரிமைண்ட்' பண்ணுகிறாள். நீங்கள் 'ரிமெம்பர்' பண்ணுகிறீர்கள். மெஷின் உதாரணம் மிகவும் சரி. இத்தனை வருடம் பாடம் நடத்தியும் எனக்கு அப்படி ஒன்று தோன்றவில்லை.

சம்பந்திக்கு இங்கிலீஷில் வார்த்தை இல்லை. மகனுடைய மாமியார் என்று சுற்றி வளைத்துத்தான் சொல்ல வேண்டும். அவர்கள் ஊரில் கல்யாணம் முடிந்தால் பெற்றவர்கள் அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள் போலிருக்கிறது. 'டீச்சர்' என்று போட்டுவிடுங்கள், போதும்.

இன்னொன்றும் சொல்கிறேன். நீங்கள் நாச்சியாரிடம் 'வேர் டூ யூ ஸ்டே' என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். நம் ஊரில் எல்லோரும் இப்படித்தான் கேட்கிறார்கள், அது சரியில்லை. லாட்ஜிலும் விருந்தாளியாகப் போன வீட்டிலும் தங்குவது 'ஸ்டே'. குடியிருப்பதற்கு 'லிவ்'. அந்த வரியை அடித்துவிட்டேன். விலாசம் தெரிந்த பிள்ளையிடம் அதைக் கேட்கவே வேண்டாம்.

இப்படிக்கு,
சுடலையம்மாள்


ராஜபாளையம்
13 அக்டோபர் 2024

சம்பந்தியம்மா அவர்களுக்கு வணக்கம். நான் சுகம். மழைக்கு முந்தி உங்கள் வீட்டு ஓட்டைப் பார்க்க ஆள் கிடைத்ததா?

ஒரு விஷயம் சொன்னால் சிரிப்பீர்கள். திங்கட்கிழமையிலிருந்தே தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அரைமணி நேர பஸ் தூரத்துக்குக் கடிதம் எங்கெங்கோ சுற்றி வருகிறது. வந்த அன்று வாசிப்பேன். மறுநாள் திருத்தியதைப் பார்த்து எழுதிப் பழகுவேன். அதற்கடுத்த நாள் உங்களுக்கு என்ன எழுதுவது என்று யோசிப்பேன். வாரம் இப்படிப் போய்விடுகிறது. இது இல்லாதபோது எப்படிப் போனதோ தெரியவில்லை.

ஒரு சந்தேகம். தனியாக இருக்கிறேன் என்பதற்கு ஹெப்சிபா டீச்சர் 'அலோன்' என்றார். அவர் தம்பி 'லோன்லி' என்றான். இரண்டும் ஒன்றா? ஒன்று இல்லையென்றால் எனக்கு எது பொருந்தும்? நாச்சியார் 'ஹவ் ஆர் யூ தாத்தா' என்று கேட்டால் சரியான வார்த்தையைச் சொல்ல வேண்டும்.

போன கடிதத்தில் பொங்கல் பற்றிக் கேட்டிருந்தேன். மறந்துவிட்டீர்கள் போல.

அன்புடன்,
கண்ணுச்சாமி


ராஜபாளையம்
24 நவம்பர் 2024

சம்பந்தியம்மா அவர்களுக்கு வணக்கம். நான் நலம்.

ஐப்பசி போய்க் கார்த்திகையும் வந்துவிட்டது. உங்களிடமிருந்து கடிதம் இல்லை. உடம்புக்கு ஏதாவதா? கிளம்பி வந்து பார்க்கலாம் என்று பஸ் ஸ்டாண்டு வரை வந்தேன். நல்லது கெட்டது எதுவும் இல்லாமல் சம்பந்தி வீட்டு வாசலில் போய் நின்றால் அக்கம்பக்கம் என்ன நினைக்கும் என்று திரும்பிவிட்டேன். நான் எழுதியதில் மரியாதைக் குறைவாக ஏதாவது வந்துவிட்டதா? புதிதாக எழுதுகிறவன், எந்த வார்த்தை எப்படித் தைக்கும் என்று எனக்குத் தெரியாது.

ஒரு கார்டு போட்டாலும் போதும்.

கண்ணுச்சாமி


ஸ்ரீவில்லிபுத்தூர்
6 டிசம்பர் 2024

சம்பந்தி அவர்களுக்கு வணக்கம். உங்களைக் கவலைப்பட வைத்துவிட்டேன். மழை, முழங்கால், அவ்வளவுதான். உங்கள் கடிதத்தில் எந்தக் குறையும் இல்லை.

'அலோன்' என்பது வீட்டில் எத்தனை பேர் என்பதைப் பற்றியது. 'லோன்லி' என்பது மனதைப் பற்றியது. ஒருவர் மட்டும் இருக்கிற வீட்டிலும் அது இல்லாமல் இருக்கலாம், வீடு நிறைய ஆள் இருக்கும்போதும் அது இருக்கலாம். குழந்தைக்கு எழுதுகிற கடிதத்தில் இரண்டுமே வேண்டாம். 'ஃபைன்' என்று எழுதுங்கள்.

உங்களுக்கு எது பொருந்தும் என்று கேட்டிருந்தீர்கள். அதை நான் சொல்ல முடியாது.

சுடலையம்மாள்


ராஜபாளையம்
22 டிசம்பர் 2024

சம்பந்தியம்மா அவர்களுக்கு வணக்கம். உங்கள் சுகத்துக்கு எழுதவும்.

நேற்று ஹரிகிருஷ்ணன் போன் போட்டான். அடுப்பில் எதையோ வைத்துவிட்டு நடுவில் எழுந்து போனான். போன் நாச்சியார் கையில். நான் மனப்பாடம் பண்ணி வைத்திருந்ததைக் கேட்டேன். என்ன சாப்பிட்டாய் என்று. அவள் வாயைப் பிளந்தாள். பிறகு சிரித்தாள். பாஸ்தா என்றாள். ஸ்கூலில் நாடகத்தில் ஆடாக நடித்தாளாம், பாதிதான் புரிந்தது, அதுவே எனக்குப் பொங்கல் மாதிரி இருந்தது. நாங்கள் பேசிவிட்டோம், சம்பந்தியம்மா. தாத்தாவும் பேத்தியும் பேசிவிட்டோம்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். இன்னும் பேச ஆசை. வார்த்தை தீர்ந்துபோனது. நம் ஆட்கள் பஸ்ஸில் கேட்பதுதான் வாயில் வந்தது. 'வேர் ஆர் யூ ஸ்டேயிங்' என்று கேட்டுவிட்டேன், நீங்கள் அடித்த அதே வரியை.

அவள் சொன்னாள், "ஐ ஸ்டே ஹியர் ஆன் சாட்டர்டேஸ், தாத்தா. ஐ லிவ் வித் மம்மி."

சனிக்கிழமை மட்டும் இங்கே தங்குவாளாம். குடியிருப்பது அம்மாவோடாம். சொல்லிவிட்டுப் போனைத் திருப்பி எனக்கு வீட்டைக் காட்டினாள். ஒரு அறை. ஒரு நாற்காலி. கட்டில் மேல் துவைக்காத சட்டைகள். சத்யாவின் பொருள் ஒன்றுகூட இல்லை.

ஹரிகிருஷ்ணன் திரும்பி வந்து, "என்னப்பா சொன்னா அவ" என்று கேட்டான். "சாப்பிட்டேன்னு சொன்னாப்பா" என்றேன். எனக்கு ஒன்றும் புரியாது என்றுதான் அவன் இன்னமும் நினைத்துக்கொண்டிருக்கிறான்.

இது உங்களுக்குத் தெரியுமா? தெரியாதென்றால் நான் இப்படிச் சொன்னதற்கு மன்னியுங்கள்.

கண்ணுச்சாமி


ஸ்ரீவில்லிபுத்தூர்
9 ஜனவரி 2025

சம்பந்தி அவர்களுக்கு,

தெரியும். ஆடியிலிருந்தே தெரியும். இருவரும் பிரிந்துவிட்டார்கள். சேர்ந்து வாழ்வதில்லை என்று எழுதியும் கொடுத்துவிட்டார்கள். யார் பக்கம் தப்பு என்று நான் கேட்கவில்லை, சத்யாவும் சொல்லவில்லை. "அந்த மாமாகிட்ட நீ சொல்லிராதம்மா, அவர் மகன் வாயால கேக்கட்டும்" என்று மட்டும் சொன்னாள். உங்கள் முதல் கடிதம் அதற்குப் பிறகுதான் வந்தது. அத்தனை சந்தோஷமாக இருந்த கடிதத்துக்கு நான் எதை எழுதுவது? ஸீ, வாட்ச் என்று எழுதினேன். பொங்கலைப் பற்றிக் கேட்டீர்கள். அதற்கு எழுதப் பேனா வரவில்லை.

என் தம்பி பேச்சிமுத்து வந்திருந்தான். உங்கள் கடிதங்களைப் பார்த்துவிட்டு, "பொண்ணு வாழாத வீட்டோட உனக்கு என்னக்கா பாடம்" என்று கேட்டான். அவன் கேட்பதில் நியாயம் இருக்கிறது. உறவை முறையாக அறுத்துவிட வேண்டும் என்கிறார்கள். அதன் பிறகு நாம் சம்பந்தி இல்லை. ஒரு விதவை யாரோ ஒருவருக்குக் கடிதம் எழுதுவதாகத்தான் தெரு பேசும்.

நாச்சியாருக்கு எழுதுவதை நிறுத்திவிடாதீர்கள். இனிமேல் ஹெப்சிபா டீச்சர் திருத்தட்டும். உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள். இனி இங்கே எழுத வேண்டாம்.

சுடலையம்மாள்


ராஜபாளையம்
2 பிப்ரவரி 2025

வணக்கம்.

எழுத வேண்டாம் என்றீர்கள். தகவல் சொல்லாமல் வருவது முறையில்லை, அதனால் எழுதுகிறேன். ஹரிகிருஷ்ணனிடம் எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டேன். பிறகு, சத்யாவுக்கு நீங்கள் கொடுத்த சீர்ப் பாத்திரங்களைத் திருப்பிக் கொடுத்துவிடச் சொன்னான். வெள்ளத்தாயின் அண்ணன் பாண்டிதுரையும் அதையே சொல்கிறார். வருகிற ஞாயிறு காலை அவரும் நானும் கொண்டு வருகிறோம். உங்கள் தம்பியை இருக்கச் சொல்லுங்கள்.

உங்கள் கடைசிக் கடிதத்தை நான் தினமும் வாசிக்கிறேன். எழுத்துக் கூட்டாமல் வாசிக்க வந்துவிட்டது. வராமலே இருந்திருக்கலாம்.

கண்ணுச்சாமி


ராஜபாளையம்
10 பிப்ரவரி 2025

அன்பு மகன் ஹரிகிருஷ்ணனுக்கு, அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நான் நலம். அங்கே குளிர் எப்படி இருக்கிறது?

நீ சொன்னபடி செய்துவிட்டேன். வேறு ஒன்றும் செய்துவிட்டேன். அதை உன் மாமன் பாண்டிதுரை உனக்குப் போனில் வேறு மாதிரிச் சொல்லியிருப்பார். ஆகவே நான் எழுதுகிறேன்.

முந்தின நாள் பரணிலிருந்து பாத்திரங்களை இறக்கிப் புளி போட்டுத் துலக்கினேன். அண்டா, குடம், தாம்பாளம், குத்துவிளக்கு. எல்லாவற்றிலும் பேர் வெட்டியிருப்பது எனக்குத் தெரியும். என்ன பேர் என்று வாசித்தது இப்போதுதான். ஒவ்வொன்றிலும் சத்யப்பிரியா, சத்யப்பிரியா. எல்லாவற்றையும் கோணிச் சாக்கில் கட்டினேன்.

ஆட்டோவில் போகும்போது உன் மாமன் எனக்கு முறையைச் சொல்லிக்கொண்டே வந்தார். சாமானைக் கூடத்தில் இறக்க வேண்டும். அவர்கள் ஆள் பார்த்துச் சரி என்றதும் திரும்பிவிட வேண்டும். தண்ணீர் கொடுத்தாலும் தொடக்கூடாது. அறுத்துவிட வந்த வீட்டில் கை நனைத்தால் அறுத்ததாக ஆகாது. "நீ பாட்டுக்கு உக்காந்து பேச ஆரம்பிச்சிராத மாப்ள" என்றார். சரி என்றேன். சரி என்றுதான் நினைத்தேன்.

அந்த அம்மா கதவருகே நின்றார்கள். அவர்கள் தம்பி சாக்கை அவிழ்த்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். சரி என்றார். அந்த அம்மா உள்ளே போய் மூன்று டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து ஸ்டூலில் வைத்தார்கள். யாரும் எடுக்க மாட்டார்கள் என்று அவர்களுக்கும் தெரியும். வீட்டுக்கு வந்தவர்களுக்கு வைக்காமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். உன் மாமன் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். அவர்கள் தம்பியும் அவர் பின்னாலேயே போனார்.

நானும் எழுந்தேன். உள்ளே அடுப்படி தெரிந்தது. ஒரு சின்னக் குக்கர், கவிழ்த்து வைத்த ஒரு தட்டு. என் வீட்டு அடுப்படியும் அப்படித்தான் இருக்கும். உன்னுடையதும் அப்படித்தான் இருக்கும்.

டம்ளரை எடுத்துக் குடித்தேன். வாசலில் இருந்து உன் மாமன், "மாப்ள, கையை நனைச்சிராத" என்றார். "நனைச்சாச்சு மச்சான்" என்றேன். பிறகு அந்த அம்மாவிடம், "சோறு இருக்கா தங்கச்சி" என்று கேட்டேன்.

அவர்கள் அடுப்படியைத் திரும்பிப் பார்த்தார்கள். "எனக்கு மட்டுந்தான் வடிச்சேன் அண்ணாச்சி" என்றார்கள்.

"அதுல பாதி போதும்" என்றேன்.

ரசமும் அப்பளமும். தாம்பாளத்தில் இருந்த பேரைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். அவர்களும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கிளம்பும்போது, அடுத்த கடிதத்தை நாச்சியாருக்கு எழுதியதும் இங்கே அனுப்புங்கள் என்றார்கள். உன் மாமன் ஆட்டோவோடு போயே போய்விட்டார். நான் பஸ்ஸில் வந்தேன். போர்டை வாசித்துத்தான் ஏறினேன்.

நீயும் சத்யாவும் எழுதிக் கொடுத்தது உங்களோடு. அதில் நான் தலையிட மாட்டேன். உங்கள் இருவர் மேலும் எனக்குக் கோபமில்லை. ஆனால் நான் அந்த வீட்டில் சாப்பிட்டவன். இனி யார் என்ன முறை சொன்னாலும் நான் அங்கே எழுதுவேன், அங்கிருந்து எனக்குப் பதில் வரும்.

நீ ஒருவனாகச் சமைத்துச் சாப்பிடுகிறாய். என்ன சமைக்கிறாய், ராத்திரி சரியாகத் தூங்குகிறாயா, ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. போனில் கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்று சொல்லிவிடுவாய். அதனால் கேட்கிறேன். நீ ஹாஸ்டலில் படித்த காலத்திலும் சரி, ஊரை விட்டுப் போன பிறகும் சரி, என் பேருக்கு நீ ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. அது உன் குற்றமில்லை, அப்போது எனக்கு வாசிக்கத் தெரியாது.

இப்போது தெரியும்.

உன் அப்பா,
கண்ணுச்சாமி